டாணாக்காரர் வீடு: வட ஆற்காட்டில் போலீஸ் தாத்தாவைத் தேடுவது

குடியாத்தம் வாசகரின் கேள்வி, 2024 ஜனவரி 6

"என் தாத்தாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காட்டில் போலீஸ் இன்ஸ்பெக்டர். குதிரையில்தான் ரவுண்டு போவாராம். பெயர் தெரியும், ஊர் தெரியும். வேலூர் எஸ்.பி. ஆபீசில் கேட்டால் பதிவேடு கிடைக்குமா?"

ஜனவரி 6, இரவு

கிடைக்காது. நான் கேட்டுப் பார்த்தவள்.

முதலில் ஒன்று. வட ஆற்காட்டில் எல்லார் வீட்டுத் தாத்தாவும் இன்ஸ்பெக்டர்தான். கான்ஸ்டபிளாக இருந்தவர்கள் ஒருவருக்கும் பேரப்பிள்ளையே பிறக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அதே கதை: என் அப்பாவின் தாத்தா இன்ஸ்பெக்டர், குதிரை, மீசை, ஊரே நடுங்கும். பொன்னைப் பக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் "டாணாக்காரர் வீடு" என்று சொன்னால்தான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். டாணா என்றால் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் வீடு என்று ஏன் பெயர் வரவில்லை என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி 7

நேற்று அவசரத்தில் எழுதியது. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். "கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர்கள் மேல் கோபமில்லை. நான் கேட்ட வருஷம் 1900ஐ ஒட்டியது. அந்த வருஷத்தில் வேலூரில் மாவட்டத் தலைமை அலுவலகமே கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். 1911 வரைக்கும் அப்படித்தான். அந்த வருஷம் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகுதான் வேலூர் வட ஆற்காட்டின் தலைநகரம் ஆனது. அதற்கு முன்னால் திருப்பதி, பலமனேர், புங்கனூர் எல்லாம் நம்ம மாவட்டம். கலெக்டர், போலீஸ் சூப்பரிண்டெண்ட் எல்லாரும் சித்தூரில் உட்கார்ந்திருந்தார்கள். 1953இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆக, நாம் தேடுகிற ஆள் இன்றைய தமிழ்நாட்டில் பிறந்து, இன்றைய ஆந்திராவில் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

எங்கள் பாட்டி, அதாவது அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மருமகள், காபி வர நேரமானால் சமையல்கட்டைப் பார்த்து ஒரு சத்தம் போடுவாள்: "இன்னா, சித்தூர்லேந்து உத்தரவு வரணுமா?" நாங்கள் சிரிப்போம். சித்தூர் மாம்பழத்துக்குப் பேர் போன ஊர், காபிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தோம். ஐம்பது வருஷம் கழித்து ஒரு மாவட்ட வரலாறு படிக்கும்போதுதான் புரிந்தது. கிழவி ஆவணத்தையே வாயில் வைத்திருந்தாள்.

ஜனவரி 7, பின்மாலை

குடியாத்தம் நண்பருக்கு: உங்கள் ஆள் வாணியம்பாடியில் வேலை பார்த்தவர் என்று இப்போது சொல்கிறீர்கள். அதை முதலில் சொல்லக் கூடாதா? திருப்பத்தூர் தாலுகா 1911க்கு முன்னால் சேலம் மாவட்டம். வாணியம்பாடி அதில் சேர்ந்தது. திருவண்ணாமலை தென்னாற்காடு. இரண்டும் 1911இல்தான் நம்மோடு சேர்ந்தன. வருஷம் எது என்று தெரியாமல் ஊர்ப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தப்பான மாவட்டத்தில் ஆறு மாதம் போகும். எனக்குப் போனது.

ஜனவரி 11

ஆம்பூர்காரர் ஒருவர் தாத்தாவின் போட்டோவைப் பற்றி எழுதியிருக்கிறார்: சட்டை, பெல்ட், தலைப்பாகை, கையில் தடி. போலீஸ் என்று நம்பிக்கொண்டிருந்தார்களாம். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்தால் "சால்ட்" என்று இருக்கிறதாம்.

உப்பு, ஆப்காரி இலாகா. கள்ளு, சாராயம், உப்பு இவற்றுக்கு வரி வசூலிக்கவும் திருட்டுச் சரக்கைப் பிடிக்கவும் தனிச் சிப்பந்திகள் இருந்தார்கள். அவர்களுக்கும் யூனிஃபார்ம் உண்டு. ஊர்க்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான், பெல்ட் போட்டவன் எல்லாம் போலீசு. தோரப்பாடி சென்ட்ரல் ஜெயில் வார்டர்களும் அப்படித்தான். வேலூரில் பாதி "போலீஸ் தாத்தா" ஜெயில் வார்டராக இருக்கக்கூடும். காட்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டை என்றால் ரயில்வே போலீஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் மாவட்ட போலீஸில் வர மாட்டார்கள்.

அதனால் என் முதல் அறிவுரை, போலீஸைத் தேடாதீர்கள், எந்த இலாகா என்று தேடுங்கள்.

ஜனவரி 12

'ஏட்டு' என்ற சொல் ஏடு எழுதுகிறவர் என்பதால் வந்தது என்று ஒருவர் சாதிக்கிறார். அழகாக இருக்கிறது, ஆனால் இல்லை. ஹெட் கான்ஸ்டபிளில் உள்ள ஹெட்தான் ஏட்டு. ஏடு எழுதியவரை ரைட்டர் என்றார்கள். இதோடு விட்டுவிடலாம்.

ஜனவரி 20

எழும்பூர் ஆவணக் காப்பகம் பற்றிக் கேட்டிருந்தார்கள். மூன்று தடவை போனேன்.

அன்று போலீஸ் விவகாரங்கள் ஜுடீசியல் இலாகாவின் கீழ் வந்தன. அரசாணைகளுக்கு வருஷவாரியாக அட்டவணைத் தொகுதிகள் உண்டு. அதில் தேடலாம். கெசட்டில் பெயர் வருகிற பதவி என்றால், அதாவது துணை சூப்பரிண்டெண்ட் அளவிலிருந்து மேலே, சுலபம்: சிவில் லிஸ்டில் இருக்கும், எந்தத் தேதியில் எந்த ஊர் என்று வரிவரியாக இருக்கும். வெள்ளைக்காரத் துரைகளின் பணி வரலாறு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கிறது. ஒரு துரை எந்த மாதம் லீவில் போனார், எப்போது திரும்பினார் என்பது வரைக்கும் தெரிந்துகொள்ளலாம். அவருக்குக் குதிரை பிடித்தவன் பெயர் எங்கேயும் இல்லை.

மூன்று நாள் உட்கார்ந்தேன். என் ஆள் இல்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது: பிடித்தவர்கள் பெயரைவிடப் பிடிபட்டவர்கள் பெயர்தான் காகிதத்தில் அதிகம். சில சமூகங்களையே பரம்பரைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த பிறகு கிராமம் கிராமமாகப் பெயர், வயது, கைரேகை என்று எழுதி வைத்தார்கள். 1947இல்தான் இங்கே அதை ரத்து செய்தார்கள். அந்தக் குடும்பங்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடினால் ஒருவேளை என்னைவிட முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். யாருக்கு அப்படிக் கண்டுபிடிக்க ஆசை இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 21

வேலூர் கோட்டைக்குள் தேடலாமா என்று ஒருவர். கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிப் பள்ளி ரொம்ப நாளாக உண்டு, இன்றைக்கும் காவலர் பயிற்சிப் பள்ளி அங்கே நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிற சாக்கில் வாசலில் நின்று கேட்டேன். பாராவில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "மேடம், எங்க தாத்தாவைப் பத்தியே எனக்குத் தெரியாது" என்றான். சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3

பெரியத்தையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். எண்பத்தெட்டு வயது. காது மந்தம், மற்றதெல்லாம் கூர்மை.

"அவரு செத்தது காளயுக்தி வருஷம், விஷ ஜுரத்துல. எங்கப்பாவுக்கு அப்போ எட்டு வயசு" என்றாள்.

ஆங்கில வருஷம் தெரியாத வீடுகளில் இதுதான் பொக்கிஷம். ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை சுற்றி வரும். காளயுக்தி என்றால் 1858ஆக இருக்கலாம், 1918ஆக இருக்கலாம், 1978ஆகவும் இருக்கலாம். விஷ ஜுரம் என்றதும் சந்தேகம் தீர்ந்தது. 1918இல் இன்ஃபுளுயன்சா உலகத்தையே வாரிக்கொண்டு போன வருஷம்.

பெரியத்தை இன்னொன்றும் சொன்னாள். சித்தப்பா பையன் வீட்டில் ஒரு பித்தளை வில்லை இருக்கிறதாம், பெல்ட்டில் மாட்டுவது. அதைப் பூஜை அறையில் வைத்துப் பொட்டு வைக்கிறார்களாம். நான் முப்பது வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். ஏதோ அம்மன் தகடு என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 4

வில்லையைப் பார்த்தேன். குங்குமத்தைத் துடைக்க அண்ணி விடவில்லை. கெஞ்சி, ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். ஒரு நம்பர் இருக்கிறது. பெயர் இல்லை.

நம்பர் எவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தா பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வட ஆற்காட்டில் கல்லெறிந்தால் அந்தப் பெயர்க்காரர் மேல்தான் விழும். இனிஷியலும் அன்று ஒழுங்காக எழுதுவதில்லை, பேரனுக்குத் தாத்தா பெயரையே வைப்பதும் வழக்கம். ஒரே பெயரில் ஐந்து கான்ஸ்டபிள் இருந்தால் டிபார்ட்மென்டே அவர்களை நம்பரை வைத்துத்தான் பிரித்துச் சொல்லும். கோர்ட் தீர்ப்புகளில் சாட்சி என்று வரும்போதும் நம்பரோடு வரும். உங்கள் வீட்டில் பித்தளையோ, பழைய பென்ஷன் காகிதமோ இருந்தால் முதலில் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பர் போட்ட வில்லை என்றால் ஒரு விஷயம் நிச்சயம். இன்ஸ்பெக்டர் கிடையாது. கான்ஸ்டபிள், அதிகம் போனால் ஏட்டு. அண்ணியிடம் சொல்லவில்லை. பூஜை அறையில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 18

போலீஸ் ஆவணத்தில் கிடைக்காத ஆள் பத்திர ஆபீசில் கிடைத்தார்!

எப்படி என்றால், எங்கள் அப்பா 1974இல் ஊரில் இருந்த பெரிய கொல்லையை, அதாவது நிலத்தை, விற்றார், என் அக்கா கல்யாணத்துக்காக. அந்த விற்பனைப் பத்திரத்தின் நகல் என்னிடம் இருந்தது. கிரயப் பத்திரத்தில் சொத்து எப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுதுவார்களே, அதில் "என் பாட்டனார் 1908ஆம் வருஷம் கிரயம் பெற்று" என்று தஸ்தாவேஜு நம்பரோடு இருந்தது. ஐம்பது வருஷமாக என் பீரோவிலேயே இருந்த காகிதம்.

பழைய வருஷங்களுக்கு ஆன்லைன் வில்லங்கம் உதவாது. சார்பதிவகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, நகல் கேட்க வேண்டும். பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று இரண்டு வைத்திருப்பார்கள். தஸ்தாவேஜு நம்பர் கையில் இருந்தால் வேலை சுலபம். எனக்கு நான்கு நடை ஆனது. அங்கிருந்த ஓர் அம்மா பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

பழைய பத்திரத்தில் வாங்குகிறவருக்குத் தகப்பன் பெயர், இருக்கும் ஊர், ஜீவனம் எல்லாம் எழுதுவார்கள். விவசாய ஜீவனம், வியாபார ஜீவனம் என்று. எங்கள் ஆளுக்கு எழுதியிருந்தது இது: பலமனேரிலிருக்கும் போலீசு ஹெட் கான்ஸ்டேபிள் உத்தியோக ஜீவனம். கீலக வருஷம் ஆவணி மாதம். 1908தான், கணக்கு சரியாக வருகிறது.

பலமனேர்! சித்தூர் உத்தரவு! பாட்டி, நீ ஜெயித்தாய்.

ஆக ஏட்டு. இன்ஸ்பெக்டரும் இல்லை, குதிரையும் இல்லை. எங்கள் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள்.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஏட்டு என்றால் சின்ன ஆள் என்ற தொனியில் எழுதிவிட்டேன். தப்பு.

1855இல் சித்திரவதைக் கமிஷன் அறிக்கை வரும் வரைக்கும் வரி வசூலும் போலீஸ் வேலையும் தாசில்தாரிடமே இருந்தன. வரி கட்டாதவனை அடிக்கிறவரும் அடித்ததை விசாரிக்கிறவரும் ஒரே ஆபீஸ். அந்த அறிக்கையின் நாற்றம் தாங்காமல்தான் 1859இல் தனிப் போலீஸ் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு கிராமத்து ஸ்டேஷனை நடத்தியவர் யார்? ஹெட் கான்ஸ்டபிள். சப்-இன்ஸ்பெக்டர் என்ற பதவியே அன்று கிடையாது. 1902-03இல் ஃப்ரேசர் கமிஷன் வந்து, போலீஸ் திறமையும் இல்லை, லஞ்சமும் கொடுமையும் மலிந்திருக்கிறது என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குப் படித்தவர்களைச் சப்-இன்ஸ்பெக்டராக நேரடியாக எடுங்கள் என்றது.

அப்படியென்றால் எங்கள் ஆள் வேலையில் சேர்ந்த காலத்தில் ஏட்டுதான் ஸ்டேஷனுக்கு ராஜா. ஊர்க்காரர்கள் பார்த்தது ராஜாவை. அவர்கள் இன்ஸ்பெக்டர் என்று சொன்னது பொய் இல்லை, மொழிபெயர்ப்பு. 1908இல் பத்திரம் எழுதும்போது அவருக்கு மேலே ஒரு சின்னப் பையன், இங்கிலீஷ் படித்தவன், எஸ்.ஐ. ஆக வந்து உட்கார்ந்திருப்பான். இது என் ஊகம்தான். ஆனால் வீட்டில் மீசைக் கதை மட்டும் மிஞ்சி, அவர் எப்போதும் சிடுசிடுவென்று இருப்பார் என்ற கதையும் ஏன் சேர்ந்தே வருகிறது என்று இப்போது தோன்றுகிறது.

குடியாத்தம் நண்பர் தன் ஆளுக்கும் இது பொருந்துமா என்கிறார். பொருந்தலாம். குதிரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

மார்ச் 2

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

அந்தப் பத்திரத்தை முதலில் ஜீவனம் வரி வரைக்கும்தான் படித்திருந்தேன். சந்தோஷத்தில் மீதியைப் படிக்கவில்லை. பழைய கையெழுத்து வேறு, புள்ளியும் இல்லை, காலும் இல்லை. என் மகள் போனில் பெரிதாக்கி வாசித்துக் காட்டினாள். கிரயத் தொகை முந்நூறு ரூபாய். அதில் நூற்றெண்பது, "தங்களுக்கு நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிற கடன் பத்திரத்தில் அசலும் வட்டியும் சேர்ந்து வஜா", அதாவது கடனுக்குக் கழித்துக்கொண்டது. கையில் கொடுத்த ரொக்கம் நூற்றிருபது.

அதாவது ஏட்டையா ஊர்க்காரனுக்கு வட்டிக்கு விட்டிருக்கிறார். வட்டி ஏறியிருக்கிறது. கொல்லை வந்திருக்கிறது.

கான்ஸ்டபிளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் எட்டு ரூபாய் கொடுங்கள் என்று ஃப்ரேசர் கமிஷன் கெஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. ஏட்டுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து வட்டிக்கு விட எங்கே மிச்சம்? பெரியத்தையிடம் கேட்டேன். காதில் விழாத மாதிரி இருந்தாள். மூன்றாவது தடவை கத்தினதும், "சம்பளம் இருந்தா கிம்பளமும் இருக்கும். இன்னாத்துக்குடி இப்போ அதெல்லாம்?" என்றாள்.

மார்ச் 3

ஓர் அன்பர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்: மனைவி நகையை விற்று விட்டிருக்கலாம், பூர்வீகப் பணமாக இருக்கலாம். இருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் நகையை விற்றால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அப்படி ஒரு கதை என் காதில் விழுந்ததில்லை.

மார்ச் 24

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். கொல்லையை விற்றவர் பெயரும் தகப்பன் பெயரும் பத்திரத்தில் இருந்தன. அந்த வீடு எது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின் தெரு. அந்த வீட்டுப் பேத்தியும் நானும் எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு.

நகலை எடுத்துக்கொண்டுதான் போனேன். காட்டலாமா என்று வாசல் வரைக்கும் தீர்மானம் இல்லை. அவள் மோர் கொண்டு வந்தாள், பேரன் பேத்தி கதை பேசினோம், முழங்கால் வலி பேசினோம். அப்புறம் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தாள். அவள் கொள்ளுத்தாத்தா பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இதாடி அந்தக் கொல்லை?" என்றாள்.

"ஆமா. நாங்க பெரிய கொல்லைன்னு சொல்வோம்."

"எங்க வீட்ல அதுக்குப் பேரு வேற. டாணாக்காரன் புடுங்கின கொல்லை."

சிரித்தாள். நானும் சிரித்தேன். நகலை மடித்துப் பைக்குள் வைக்கப் போனேன். "இரு, இரு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரு இதுலதான் முதல் தடவையா எழுத்துல பாக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் போட்டுக் கொடு" என்றாள்.

பொன்னை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு ரூபாய்.

மார்ச் 26

குடியாத்தம் நண்பருக்கு: சேலம் மாவட்டத்து வில்லை ஒன்று மாமா வீட்டில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். நம்பர் தெளிவாக இல்லை என்றால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பித்தளையில் எழுத்து மழுங்கிவிடும். காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேயுங்கள், தெரியும். நிலம் ஏதாவது இருந்ததா என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.